ஒரு குடம் தண்ணீரில் எவ்வளவு கரண்ட்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பது வருடம் பம்புகளோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது எங்கள் குடியிருப்பின் தண்ணீர்ப் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. 64 வீடு, இரண்டு போர், ஒரு பெரிய சம்ப், கோடை வந்தால் லாரி. மோட்டார் ரூமைத் திறந்தாலே யாராவது பின்னால் வந்து நின்று ஏதாவது கேட்பார்கள். பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே எழுதியிருக்கிறேன். பதில்களில் சென்னையே அதிகம் வரும். ஏரி, ஆறு, கடல், லாரி, ரயில் என்று எல்லா வழியிலும் தண்ணீர் கொண்டுவந்து பார்த்த ஊர் இது.

தண்ணி பள்ளத்தைப் பாத்து தானா ஓடும். அதுக்கு எதுக்கு சார் கரண்ட்?

பள்ளம் இருக்கிற வரைக்கும் வேண்டாம்தான். புழல் ஏரித் தண்ணீர் கீழ்ப்பாக்கத்துக்கு நூறு வருடத்துக்கும் மேலாகச் சரிவிலேயே வருகிறது. வந்த பிறகுதான் வேலை ஆரம்பம். வடிகட்டி, குளோரின் போட்டு, தெருக் குழாயில் ஓடும் அளவுக்கு அழுத்தம் கொடுக்க வேண்டும். நம் சம்ப்பில் விழுந்ததும் நாம் மோட்டார் போட்டு மொட்டை மாடிக்கு ஏற்றுகிறோம்.

பலரும் மறந்துவிடுவது அதற்குப் பிறகு நடப்பதை. குளித்த தண்ணீரும் கழிப்பறைத் தண்ணீரும் எங்கோ போய்விடுகின்றன என்று நினைக்கிறோம். சென்னை சமதளமான ஊர். சாக்கடைக் குழாய் கொஞ்ச தூரம் சரிந்து போனாலே மிக ஆழத்துக்கு இறங்கிவிடும். அதனால் ஆங்காங்கே கழிவுநீரேற்று நிலையம் வைத்து, அங்கிருந்து மேலே தூக்கி, அடுத்த நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். கடைசியில் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுநீருக்குள் இரவும் பகலும் காற்று ஊத வேண்டும். காற்று ஊதும் அந்தப் புளோயர்கள்தான் அங்கே அதிகக் கரண்ட் இழுப்பவை.

ஒரு டேங்க் ஏத்த எத்தனை யூனிட் ஆகும்? சும்மா கால் யூனிட் கூட வராதே?

உண்மைதான், வராது. ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. அதை ஒரு மீட்டர் உயரம் தூக்கக் குறைந்தபட்சம் 2.7 வாட்-மணி வேண்டும். நாலு மாடிக்கு, அதாவது 15 மீட்டருக்கு, சுமார் 41 வாட்-மணி. ஆனால் வீட்டு மோட்டார்கள் இழுக்கும் கரண்டில் பாதியைக்கூடத் தண்ணீருக்குக் கொடுப்பதில்லை. முப்பது சதவீதம் கொடுத்தால் சுமாரான மோட்டார். ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட். அப்படிப் பார்த்தால் ஆயிரம் லிட்டருக்கு ஏறக்குறைய 0.14 யூனிட்.

போர் என்றால் கதை வேறு. தண்ணீர் 300 அடியில் நின்றால் 90 மீட்டர் தூக்க வேண்டும். கணக்குப்படி கால் யூனிட், நடைமுறையில் அரை யூனிட்டைத் தாண்டும். ஆயிரம் லிட்டருக்கு என்ற இந்த அளவை நினைவில் வையுங்கள். பின்னால் வரும் பதில்கள் எல்லாம் இதை வைத்துத்தான்.

நம்ம மோட்டாருக்கும் உலகம் சூடாகறதுக்கும் என்ன சம்பந்தம்? கொஞ்சம் இழுத்துப் பிடிச்சு சொல்ற மாதிரி இருக்கே?

நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. எல்லா வகை உற்பத்தியையும் சேர்த்து சராசரி பார்த்தால், ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கிறது. நம் வீட்டு மோட்டாரின் பங்கு சின்னதுதான். ஆனால் தண்ணீருக்கு ஆகும் கரண்டில் நம் பில்லில் தெரிவது கடைசி 15 மீட்டர் மட்டுமே. அதற்கு முன்னால் கடலிலோ, 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஏரியிலோ, நம் ஃபிளஷுக்குப் பின்னாலோ எரியும் கரண்ட் வேறு பில்லில் இருக்கிறது.

இழுத்துப் பிடிக்கத் தேவையே இல்லாத இன்னொரு சம்பந்தமும் உண்டு. சூடு கூடினால் மழை ஒழுங்கு கெடுகிறது. மழை கெட்டால் பக்கத்து ஏரி ஏமாற்றுகிறது. ஏரி ஏமாற்றினால் தூரத்துத் தண்ணீரையும் ஆழத்துத் தண்ணீரையும் கடல் தண்ணீரையும் தேடிப் போகிறோம். அவை எல்லாமே அதிகக் கரண்ட் கேட்பவை. அந்தக் கரண்ட் மறுபடி சூட்டைக் கூட்டுகிறது. நான் இத்தனை பேரிடம் இதைப் பேசிக்கொண்டிருப்பதே இந்தச் சுழலுக்காகத்தான்.

சென்னைக்கு வர்ற தண்ணியில எதுக்கு கரண்ட் கம்மி, எதுக்கு ஜாஸ்தி?

பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள்தான் மலிவு. மழை நிரப்புகிறது, பெரும்பாலும் சரிவில் வருகிறது. கிருஷ்ணா நீரும் அப்படியே. ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியாக ஊத்துக்கோட்டைப் பக்கம் நுழைந்து பூண்டிக்கு வந்து சேர்கிறது. 1996இல் முதலில் வந்தது. தூரம் அதிகம், ஆனால் ஏற்றம் குறைவு. அதனால் 'தூரம் என்றால் கரண்ட்' என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. உயரமும் உராய்வும்தான் கரண்டைத் தின்கின்றன.

வீராணம் நடுவில் வரும். சோழர் காலத்து ஏரி. 2004இல் இருந்து அங்கிருந்து நாளுக்கு 18 கோடி லிட்டர் வரும்படி குழாய் போட்டார்கள். சேத்தியாத்தோப்பிலிருந்து வடக்குத்துக்கு ஏற்றி, சுத்திகரித்து, மறுபடி கடாம்புலியூரில் உயரத்தில் இருக்கும் தொட்டிக்கு ஏற்றுகிறார்கள். அங்கிருந்து போரூர் வரை ஏறக்குறைய 200 கிலோமீட்டரும் சரிவிலேயே ஓடி வருகிறது. உயரம் பார்த்துக் குழாய்ப் பாதை போட்ட அந்தப் பொறியாளர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஓரிடத்தில் முறையாக ஏற்றிவிட்டு, மிச்சத்தைப் பூமியிடம் விட்டுவிட்டார்கள்.

எல்லாவற்றிலும் அதிகம் கடல்நீர். அது அடுத்த கேள்வி.

பக்கத்துலயே கடல் இருக்கு. எடுத்து சுத்தம் பண்ணிட்டா தண்ணிப் பஞ்சமே இருக்காதே?

எடுக்கிறார்கள். மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010 முதல் நாளுக்கு 10 கோடி லிட்டர். நெம்மேலியில் 2013 முதல் இன்னொரு 10 கோடி. அதே நெம்மேலியில் 2024 பிப்ரவரியில் 15 கோடி லிட்டர் நிலையம் திறந்தார்கள். பக்கத்தில் பேரூரில் 40 கோடி லிட்டருக்கு 2023இல் அடிக்கல் நாட்டினார்கள்.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. அதை மெல்லிய சவ்வு வழியாக அழுத்தி, தண்ணீரை மட்டும் பிழிந்தெடுப்பதுதான் ஆர்.ஓ. உப்பு தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பிடியை மீறவே நம் லாரி டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போலப் பல மடங்கு வேண்டும். நடைமுறையில் 55 முதல் 70 பார் வரை கொடுக்கிறார்கள். ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம். வெளியேறும் உப்புக் கரைசலில் மிச்சமிருக்கும் அழுத்தத்தை வாங்கி, உள்ளே வரும் கடல்நீருக்குக் கொடுக்கும் கருவி வந்த பிறகு செலவு நிறையக் குறைந்தது. அப்படியும் ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் ஆகிறது. இயற்கை விதிப்படியே ஒரு யூனிட்டுக்குக் கீழே பெரிதாக இறக்க முடியாது.

10 கோடி லிட்டர் நிலையம் முழுதாக ஓடினால், மூன்றரை யூனிட் வீதம் ஒரு நாளைக்கு மூன்றரை லட்சம் யூனிட். மூன்றாவது பதிலில் சொன்ன 0.7 கிலோவால் பெருக்கினால் தினமும் 245 டன் கரியமில வாயு. மழையே பெய்யாத வருடத்தில் இந்த நிலையங்கள்தான் ஊரைக் காப்பாற்றுகின்றன, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஏரியைத் தூர் வாராமல் விட்டுவிட்டு இதை நம்பி உட்காருவதைத்தான் ஏற்க முடியவில்லை.

லாரித் தண்ணிக்கு கரண்ட்டே ஆகாதே?

டீசல் ஆகிறதே. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12,000 லிட்டர் லாரி 30 கிலோமீட்டர் தள்ளி ஒரு விவசாயக் கிணற்றில் நிரப்பிக்கொண்டு வருகிறது. போக வர 60 கிலோமீட்டர். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் 15 லிட்டர் டீசல். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு. மொத்தம் 40 கிலோ, ஆயிரம் லிட்டருக்கு மூன்று கிலோவுக்கும் மேல். கடல்நீரைக் குடிநீராக்கினால் வருவது சுமார் இரண்டரை கிலோ. ஆக, தூரத்து லாரித் தண்ணீர் கடல் தண்ணீரைவிட மோசம். கிணற்று மோட்டாரை இதில் நான் சேர்க்கவே இல்லை. அந்தக் கிணற்றை நம்பியிருக்கும் வயலையும் சேர்க்கவில்லை.

2019ல ரயில்ல தண்ணி வந்துச்சே, அது எவ்வளவு பேருக்குப் போதுமானதா இருந்துச்சு?

2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீர் வில்லிவாக்கம் வந்தது. பார்க்கப் பெரிதாக இருந்தது. ஆனால் அந்த முழு ரயிலும், நெம்மேலியின் பழைய நிலையம் ஒரு நாளில் தரக்கூடிய தண்ணீரில் நாற்பதில் ஒரு பங்குதான். தவித்த நேரத்தில் வந்த தண்ணீர், மதிக்கிறேன். ஒரு பெருநகரத்தை அதை வைத்து நடத்த முடியாது.

சூடு கூடினா மழை ஜாஸ்தியாகும்னு சொல்றாங்க. அப்புறம் எப்படி பஞ்சம் வரும்?

காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். அதே சூடான காற்று, பெய்யாத நாட்களில் ஏரியிலும் மண்ணிலும் இருக்கும் ஈரத்தை வேகமாக உறிஞ்சும். வருடக் கணக்கில் மொத்த மழை மாறாமல் இருந்தாலும், நம் கைக்கு வருவது குறையலாம்.

2015 டிசம்பர் முதல் தேதியை நினைத்துப் பாருங்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் நிரம்பி, திறந்துவிட்ட தண்ணீர் அடையாற்றில் கரை மீறியது. அத்தனையும் கடலுக்குப் போனது. மூன்றே வருடத்தில், 2018 வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2019 ஜூனில் அதே செம்பரம்பாக்கத்தின் தரை வெடித்துக் கிடந்தது. நான் அப்போது ஏரிக்குள் நடந்தே போனேன். மதகின் கல்லில் பழைய நீர்மட்டத்தின் பாசிக் கோடு என் தலைக்கு மேலே இருந்தது, காலடியில் சிப்பி ஓடுகள் நொறுங்கின. சராசரி மழை என்ற கணக்கை வைத்து இந்த ஊருக்குத் தண்ணீர்த் திட்டம் போடுவது பயனற்றது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

வெள்ளம் வந்தப்போ சுத்தியும் தண்ணி, குழாயில மட்டும் ஏன் வரல?

கரண்ட் இல்லை, அதனால். தண்ணீர் தேங்கிய தெருவில் ஷாக் அடிக்கக் கூடாது என்று மின்சாரத்தை நிறுத்தியே ஆக வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெற்குச் சென்னையில் பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. எங்கள் சம்ப்பிலும் சாக்கடை கலந்த மழைநீர் புகுந்துவிட்டது. மோட்டார் தரை மட்டத்தில் இருந்தது, மூழ்கிவிட்டது. நான் பம்ப் தொழிலில் இருந்தவன், அதை முன்பே இரண்டடி மேடை கட்டி ஏற்றியிருக்க வேண்டும். இப்போது ஏற்றிவிட்டோம். சம்ப் மூடியின் விளிம்பையும் உயர்த்திவிட்டோம்.

கழிவுநீரேற்று நிலையமும் கரண்ட் இல்லாமல் நின்றால், தாழ்வான தெருக்களின் மேன்ஹோலில் சாக்கடை பொங்கும். முதல் பதிலில் சொன்ன அந்த நிலையங்கள்தான்.

கரண்ட் இல்லாம தண்ணி இல்ல, சரி. தண்ணி இல்லாம கரண்ட் வருமா?

அனல்மின் நிலையத்தில் நீராவியைக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும். கடலோரத்தில் இருப்பவை கடல்நீரை எடுத்துக்கொள்கின்றன. மேட்டூர் போன்றவை ஆற்று நீரை நம்பியிருக்கின்றன. அப்படி உள்நாட்டில் குளிர்விப்புக் கோபுரத்தோடு இயங்கும் நிலையங்கள் ஒரு யூனிட்டுக்கு மூன்றரை லிட்டருக்குமேல் செலவழிக்கக் கூடாது என்று 2015இல் மத்திய அரசு வரம்பு போட்டது.

நெய்வேலியில் இன்னும் விசித்திரம். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் நிலத்தடி நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இறைத்து வெளியேற்றினால்தான் சுரங்கம் தோண்ட முடியும். நிலக்கரி கரண்ட் ஆகிறது. இறைத்த நீரில் ஒரு பகுதி, வறட்சிக் காலத்தில் வீராணம் குழாய் வழியாகச் சென்னைக்கு வந்திருக்கிறது.

கூவம் நாறுது, அது சுகாதாரப் பிரச்சினை. அதுக்கும் கிளைமேட்டுக்கும் முடிச்சுப் போடணுமா?

பாலத்தில் நின்று கூவத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். கறுப்புத் தண்ணீரில் குமிழ் குமிழாக வந்து உடையும். அடியில் காற்றில்லாமல் அழுகும் கழிவிலிருந்து வரும் மீத்தேன் அதில் இருக்கிறது. மீத்தேனுக்கு வாடை கிடையாது, நாற்றம் வருவது கூடவே வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடால். நூறு வருடக் கணக்கில் மீத்தேன், அதே எடை கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு சூடாக்கும். கழிவுநீரிலிருந்து வரும் நைட்ரஸ் ஆக்சைடோ சுமார் 270 மடங்கு. ஆகவே சுத்திகரிக்காமல் ஆற்றில் விடுவதால் கரண்ட் மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதே மீத்தேனை மூடிய தொட்டியில் பிடித்து எரித்தால் கரண்ட். கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி சுத்திகரிப்பு நிலையங்களில் கசடிலிருந்து வரும் வாயுவைக் கொண்டு எஞ்சின் ஓட்டி, தங்கள் கரண்ட் தேவையில் ஒரு பகுதியைத் தாங்களே எடுத்துக்கொள்ள ஏற்பாடு இருக்கிறது.

கக்கூஸ் தண்ணிய சுத்தம் பண்ணி மறுபடி குடுக்கப் போறாங்களாமே? யாரு சார் குடிப்பா?

இப்போதைக்குக் குடிக்க வேண்டியது நாம் இல்லை, தொழிற்சாலைகள். மணலி ஆலைகள் 1990களிலிருந்தே கழிவுநீரை வாங்கிச் சுத்தம் செய்து பயன்படுத்துகின்றன. 2019இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா நாலரைக் கோடி லிட்டருக்கு, ஆர்.ஓ. வரை போகும் நிலையங்கள் வந்தன. ஒன்று மணலி, எண்ணூர் பக்கம். இன்னொன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம். அவர்கள் வாங்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரு லிட்டர் ஏரித் தண்ணீர் நமக்கு மிஞ்சும்.

கழிவுநீரில் உப்பு கடல்நீரில் இருப்பதில் ஒரு சிறு பங்குதான். அதனால் அழுத்தமும் கரண்டும் மிகக் குறைவு. எதிர்ப்பது மனசுதான். அந்த அருவருப்பை நான் மட்டமாகப் பேச மாட்டேன். தோட்டத்திலும் ஃபிளஷிலும் ஆரம்பிக்கலாம் என்றுதான் எங்கள் கூட்டத்தில் சொன்னேன்.

சோலார் போட்டுட்டா எவ்வளவு வேணா இறைக்கலாமே?

கேள்வியிலேயே ஆபத்து இருக்கிறது. தமிழ்நாட்டில் விவசாய பம்புக்கு மின்சாரம் இலவசம். அது பல குடும்பங்களைக் காப்பாற்றியது. கூடவே போர் ஆழத்துக்கு ஆழம் போனது. சோலாரும் ஒரு முறை போட்டுவிட்டால் ஓட்டச் செலவில்லை. கடலோரத்தில் அளவில்லாமல் இறைத்தால் உப்புநீர் உள்ளே வரும். மீஞ்சூர் பகுதிக் கிணறுகளுக்கு அதுதான் நடந்தது. குஜராத்தின் டுண்டி கிராமத்து விவசாயிகள் 2016இல் ஒரு கூட்டுறவு அமைத்து, சோலார் பம்பில் மிஞ்சும் கரண்டை மின்துறைக்கு விற்றார்கள். இறைக்காமல் விட்டாலும் காசு வரும் என்றால் கை தானாக நிற்கும்.

குடியிருப்பில் சோலாருக்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. மேல்நிலைத் தொட்டியே ஒரு பேட்டரி மாதிரி. காலை ஆறு மணிக்குப் போடும் மோட்டாரை வெயில் ஏறிய பிறகு, பதினொன்றிலிருந்து மூன்றுக்குள் போட்டால் பகல் கரண்டில் தொட்டி நிரம்பிவிடும். நாங்கள் டைமர் வைத்து அப்படித்தான் செய்கிறோம்.

மழைநீர் சேகரிப்பு தொட்டி 2003லயே கட்டியாச்சு. அதனால கரண்ட் மிச்சமாகுமா?

கட்டியது சரி, கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்? எங்களுடையதில் இலையும் மணலும் இறுகி, தண்ணீர் மேலேயே வழிந்துகொண்டிருந்தது. கூழாங்கல்லை வெளியே எடுத்துக் கழுவி மறுபடி போட ஒரு நாள் ஆனது.

ஆயிரம் சதுர அடி மாடியில், சென்னையின் சராசரி 1,400 மில்லிமீட்டர் மழைக்கு, வழிந்தும் ஆவியாகியும் போனது போக, வருடம் சுமார் ஒரு லட்சம் லிட்டர் கிடைக்கும். அதே அளவைக் கடலிலிருந்து எடுக்க 350 யூனிட் ஆகும். போர் மட்டம் ஏறினாலும் லாபம்தான். இரண்டாவது பதிலில் பார்த்தபடி, 300 அடி 150 அடியானால் கரண்டும் பாதி.

வீட்டுல எதைக் குறைச்சா உடனே பலன் தெரியும்?

சுடுதண்ணீர். ஒரு 20 லிட்டர் வாளியை 20 டிகிரி சூடாக்க 0.46 யூனிட் ஆகிறது. அதே சக்தியில் அந்த வாளியை எட்டாயிரத்து ஐந்நூறு மீட்டர் தூக்கலாம், ஏறக்குறைய எவரெஸ்ட் உயரம். கடலிலிருந்து அந்த வாளித் தண்ணீரை எடுக்க 0.07 யூனிட்தான். நம் ஊர் வெயிலில் கீசரை வருடம் முழுக்க ஓட்ட வேண்டிய அவசியமே இல்லை. தேவைப்படுகிறவர்களுக்கு மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர் இருக்கிறது.

நான் ஒரு வாளி மிச்சம் பண்ணி என்ன ஆகப்போகுது?

வாளியை விடுங்கள், ஃபிளஷ் டேங்கைப் பாருங்கள். உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்திருந்தால் சத்தமே இல்லாமல் ஒழுகும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு லிட்டர் போனாலும் மாதம் 8,600 லிட்டர், கிட்டத்தட்ட ஒரு சின்ன லாரி. அது முழுக்க ஏற்றப்பட்ட தண்ணீர், அப்புறம் கழிவாகவும் இன்னொரு முறை ஏற்றிச் சுத்திகரிக்க வேண்டிய தண்ணீர்.

எங்கள் 64 வீட்டிலும் ஒரே ஞாயிற்றுக்கிழமை சோதித்தோம். இரவு படுக்கும் முன் டேங்கில் ஒரு ஸ்பூன் மஞ்சள்தூள் போட்டுக் கலக்கிவிடுங்கள். ஃபிளஷ் செய்யாமல் அரை மணி நேரம் விடுங்கள். கோப்பையில் மஞ்சள் இறங்கியிருந்தால் ரப்பரை மாற்ற வேண்டும். எங்களுக்கு 11 வீட்டில் இறங்கியிருந்தது. பிளம்பர் ஒரே மாலையில் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.